சாய்த்துப் பார்த்தால் தூரம் மாறுமா?

(இரண்டாமாண்டு, சிவில் பிரிவு)

ரேஞ்ச் ஃபைண்டர் என்று ஒரு கருவி இருக்கிறது. தமிழில் தூரமானி என்று வைத்துக்கொள்வோம். கைக்கு அடக்கமாக, பைனாகுலரைப் பாதியாக வெட்டியது மாதிரி இருக்கும். ஒரு கண்ணில் வைத்து, தூரத்தில் உள்ள மரத்தையோ கம்பத்தையோ குறிபார்த்து பட்டனை அழுத்தினால், உள்ளேயே 87 மீட்டர், 142 மீட்டர் என்று எண் தெரியும். வெளிநாடுகளில் வேட்டைக்காரர்களுக்கென்றே இதைச் செய்து விற்கிறார்கள். கோல்ஃப் ஆடுகிறவர்களும் வாங்குகிறார்கள்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று வெறும் தூரத்தை மட்டும் காட்டும். இன்னொன்று 'ஆங்கிள் காம்பன்சேஷன்', அதாவது கோணத் திருத்தம் உள்ளது. அதன் விலை கூடுதல். அந்தக் கூடுதல் காசு கொடுக்கத்தான் வேண்டுமா என்பது கேள்வி. எங்கள் வகுப்பில் ஒரு நாள் சர்வே பிராக்டிகல் முடிந்து, சங்கிலியைச் சுருட்டிக்கொண்டிருந்த நேரத்தில் இந்தப் பேச்சு வந்தது. "அது இல்லாட்டா கருவியே வேஸ்ட்லே" என்றான் ஒருவன். "எல்லாம் கம்பெனிக்காரன் வியாபாரம்" என்றான் இன்னொருவன். அரைமணி நேரம் சத்தம் போட்டும் இரண்டு பேரும் ஒரு எண் கூடச் சொல்லவில்லை. எண் போட்டுப் பார்ப்போமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

கருவி எதை அளக்கிறது?

தூரமானியின் வேலை மிக எளிது. ஒரு லேசர் ஒளித்துடிப்பை அனுப்புகிறது. அது பொருளில் பட்டுத் திரும்பி வரும் நேரத்தைக் கணக்கிடுகிறது. ஒளி நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் போகும் என்று படித்திருக்கிறோம். அப்படியென்றால் ஒரு நானோ நொடிக்கு 30 சென்டிமீட்டர். 40 மீட்டரில் நிற்கும் பொருளுக்குப் போய்வர 80 மீட்டர். அதற்கு ஆகும் நேரம் சுமார் 267 நானோ நொடி. இந்த நேரத்தை அளக்கிற கடிகாரம்தான் கருவியின் உயிர். மற்றதெல்லாம் கண்ணாடியும் பிளாஸ்டிக்கும்தான்.

ஒளி நேர்கோட்டில் போகிறது. எனவே கருவி தருவது உங்கள் கண்ணிலிருந்து பொருள் வரை உள்ள நேர்கோட்டுத் தூரம். பொருள் மலைமேல் இருக்கிறதா, பள்ளத்தில் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. நம்ம சங்கரநாராயணர் கோயில் ராஜகோபுரத்தையே எடுத்துக்கொள்வோம். உயரம் சுமார் 125 அடி, அதாவது 38 மீட்டர். கோபுரத்திலிருந்து 40 மீட்டர் தள்ளித் தெருவில் நின்று, கண் மட்டத்தில் கோபுரச் சுவரைக் குறிபார்த்தால் கருவி 40 என்று காட்டும். நின்ற இடத்திலிருந்து நகராமல் உச்சியைக் குறிபார்த்தால் 54 என்று காட்டும். (கண் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரம் என்று வைத்து பைதாகரஸ் போட்டுப் பாருங்கள், சரியாக வரும். கோபுரம் மேலே போகப் போகக் கொஞ்சம் உள்வாங்கும், அதை விட்டுவிட்டேன்.) கோபுரம் ஒன்று, நிற்கும் இடமும் ஒன்று, தூரம் மட்டும் இரண்டு. 54 என்பது சாய்வுத் தூரம். 40 என்பது கிடைத்தூரம்.

கோணத் திருத்தம் உள்ள கருவியில் கூடுதலாக ஒரு சிறு சில்லு இருக்கிறது. கைபேசியைச் சாய்த்தால் படம் திரும்புகிறதே, அதே வகைச் சில்லுதான். கருவி எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று அது சொல்லும். சாய்வுத் தூரத்தை அந்தக் கோணத்தின் கொசைனால் பெருக்கினால் கிடைத்தூரம் வந்துவிடும். விலை உயர்ந்த சிலவற்றில் தோட்டாவின் வேகத்தையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள் என்றாலும் அடிப்படை இந்த ஒரு பெருக்கல்தான். நாம் பத்தாம் வகுப்பில் போட்டது.

குண்டுக்கு ஏன் இந்தக் கவலை?

இங்கேதான் எல்லோரும் குழம்புகிறார்கள். "மேல பார்த்துச் சுட்டா குண்டு ஏற முடியாம கீழதானே விழும்? கீழ பார்த்துச் சுட்டா வேகமாப் போயி மேல படும்" என்று நம்ம பையன்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். உண்மை அப்படி இல்லை. மேலே சுட்டாலும் சரி, கீழே சுட்டாலும் சரி, குறிக்கு மேலேதான் படும். இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

குழலை விட்டு வெளியே வந்த நொடியிலிருந்து குண்டு கீழே விழ ஆரம்பிக்கிறது. அதைச் சரிக்கட்டுவதற்காகத்தான் குழலைக் குறிக்கோட்டுக்குச் சற்று மேல்நோக்கி வைத்துச் சுடுகிறார்கள். எவ்வளவு மேல் என்பதைச் சமதரையில் சுட்டுப் பார்த்து முடிவு செய்கிறார்கள். சமதரையில் வீழ்ச்சி முழுவதும் குறிக்கோட்டுக்குச் செங்குத்தாகவே இருக்கும். சாய்வில் சுடும்போது புவியீர்ப்பு அதே செங்குத்துத் திசையில் இழுக்கிறது, ஆனால் குறிக்கோடு சாய்ந்துவிட்டது. அதனால் வீழ்ச்சியின் ஒரு பகுதி மட்டுமே குறுக்கே விழுகிறது. மீதிப் பகுதி கோட்டின் போக்கிலேயே போய்விடுகிறது. குறுக்கே விழும் பகுதி, வீழ்ச்சி பெருக்கல் கோணத்தின் கொசைன். நீங்களோ முழு வீழ்ச்சிக்கும் சேர்த்துக் குழலைத் தூக்கி வைத்திருக்கிறீர்கள். குண்டு குறிக்கு மேலே போகாமல் என்ன செய்யும்?

எவ்வளவு மேலே போகும் என்பதற்கும் சூத்திரம் கைக்கெட்டிய தூரத்தில்தான் இருக்கிறது. சமதரை வீழ்ச்சியை, ஒன்றிலிருந்து கொசைனைக் கழித்து வரும் எண்ணால் பெருக்க வேண்டும். 10 டிகிரியில் அந்த எண் 0.015. 20 டிகிரியில் 0.06. 30 டிகிரியில் 0.134. 45 டிகிரியில் 0.293. கால்குலேட்டர் இல்லாத நேரத்துக்கு ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறேன்: டிகிரியை 8-ஆல் வகுத்து வர்க்கப்படுத்துங்கள், சதவீதம் வந்துவிடும். 20-ஐ 8-ஆல் வகுத்தால் இரண்டரை, அதன் வர்க்கம் 6.25, சரியான விடை 6.03. 30 டிகிரிக்கு 14 வரும். சரியான விடை 13.4. வெளியில் நின்று செய்கிற வேலைக்கு இது போதும். கோணம் இரண்டு மடங்கானால் பிழை நான்கு மடங்காகிறது என்பதையும் இதிலேயே பார்த்துக்கொள்ளலாம். எனவே 5 டிகிரி, 8 டிகிரிக்கெல்லாம் யாரும் பயப்பட வேண்டாம்.

இப்போது உண்மையான எண்களைப் போடுவோம். காற்றுத் தடையை விட்டுவிடுகிறேன். சேர்த்தால் வீழ்ச்சி இன்னும் கூடும், ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இது போதும். ரைபிள் குண்டு நொடிக்கு 800 மீட்டர் வேகம் என்று வையுங்கள். 100 மீட்டர் போக 0.125 நொடி. அதற்குள் வீழ்ச்சி ஏழரை சென்டிமீட்டர் சொச்சம். 30 டிகிரி சாய்வில் சுட்டால் குறிக்கு மேலே போவது ஒரே ஒரு சென்டிமீட்டர்! சுடுகிறவரின் மூச்சே அதைவிட அதிகமாகக் குழலை ஆட்டிவிடும். 300 மீட்டரில் வீழ்ச்சி 69 சென்டிமீட்டர், 30 டிகிரியில் பிழை 9 சென்டிமீட்டர். இங்கே கொஞ்சம் யோசிக்க வேண்டும். அதற்கு மேல் தூரம் போகப் போக நிச்சயமாக வேண்டும். 1999-இல் கார்கில் போரில் நம் வீரர்கள் பள்ளத்தில் இருந்துகொண்டு தோலோலிங், டைகர் ஹில் போன்ற சிகரங்களில் இருந்த எதிரியை நோக்கிச் சுட வேண்டியிருந்ததே, அந்த மாதிரி இடம் சமதரைக் கணக்கு செல்லாத இடம். பீரங்கிப் படைக்கு இலக்கு எவ்வளவு மேலே அல்லது கீழே இருக்கிறது என்று பார்த்துத் திருத்துவது பாடத்திலேயே உண்டு.

ஆக, வேகமான குண்டுக்கு நூறு மீட்டருக்குள் கோணத் திருத்தம் வெறும் அலங்காரம். மெதுவாகப் போகிற பொருளுக்கு என்ன நிலைமை? நம் பக்கத்து மலைக்கு அந்தக் கேள்விதான் வேண்டும்.

மயக்க ஊசிக்கு வருவோம்

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று பொழுதுபோக்கு வேட்டைக்கு இடம் இல்லை. அந்தச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குக் கொடுத்த விளக்கம் சுவையானது. கொல்வது மட்டுமல்ல, பிடிப்பதும் அதற்குள் அடங்கும். எனவே யானைக்கு மயக்க ஊசி போட்டுப் பிடிப்பதற்கும் மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளர் எழுத்துமூலம் அனுமதி கொடுக்க வேண்டும். அந்த வகையில் பார்த்தால் இன்று நம் மாநிலத்தில் சட்டப்படி துப்பாக்கி தூக்கும் 'வேட்டைக்காரர்' யாரென்றால், வனத்துறையின் கால்நடை மருத்துவர்தான்!

அரிக்கொம்பனை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 2023 ஏப்ரல் 29-இல் கேரளத்தின் சின்னக்கானலில் மயக்க ஊசி போட்டுப் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். ஒரு மாதத்துக்குள், மே 27-இல் அது கம்பம் ஊருக்குள்ளேயே வந்துவிட்டது. ஜூன் 5 அதிகாலையில் தேனி மாவட்டத்தில் தமிழக வனத்துறை மறுபடி ஊசி போட்டுப் பிடித்து, லாரியில் ஏற்றிக் களக்காடு முண்டந்துறைப் பக்கம் மேல்கோதையாற்றில் கொண்டுபோய் விட்டது. நம்ம மேற்கே புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி மலையடிவாரத்திலும் யானை இறங்கித் தென்னையையும் வாழையையும் சாய்ப்பது புதிதல்ல. அங்கெல்லாம் நம்மில் பலருக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

மயக்க ஊசித் துப்பாக்கியில் வெடிமருந்துக்குப் பதிலாக அழுத்தப்பட்ட வாயுவைப் பயன்படுத்துகிற வகை உண்டு. தூரத்துக்குத் தகுந்தபடி அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும். இந்தத் தூரத்துக்கு, இந்த அளவு ஊசிக்கு, இந்த அழுத்தம் என்று அட்டவணை இருக்கும். அழுத்தம் குறைந்தால் ஊசி போய்ச் சேராது. கூடினால் அதிவேகமாகக் குத்தி விலங்கின் தசையையும் எலும்பையும் காயப்படுத்தும். ஊசி விழ வேண்டிய இடம் பின்தொடை, தோள் போன்ற சதைப்பிடிப்பான இடம். வயிற்றிலோ விலா எலும்பிலோ பட்டால் மருந்து சரியாக ஏறாது. அரைகுறை மயக்கத்தில் இருக்கிற யானை எந்தப் பக்கம் ஓடும் என்று யாருக்கும் தெரியாது. அந்த ஓட்டத்தின் எதிரே பாகன் இருப்பார், வனக்காவலர் இருப்பார், செல்போனில் படம் எடுக்க வந்த கூட்டமும் இருக்கும். எனவே தூரத்தை ஊகிக்காமல் அளப்பது இங்கே உயிர்ப் பிரச்சினை.

ஊசியின் வேகம் நொடிக்கு 70 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 40 மீட்டர் போக 0.57 நொடி ஆகும். அதற்குள் வீழ்ச்சி 1.6 மீட்டர்! ரைபிள் குண்டின் ஏழரை சென்டிமீட்டர் எங்கே, இந்த ஒரு ஆள் உயரம் எங்கே! இதே 40 மீட்டரில் சாய்வு 10 டிகிரி என்றால் ஊசி இரண்டரை சென்டிமீட்டர் மேலே போகும், விட்டுவிடலாம். 20 டிகிரி என்றால் கிட்டத்தட்ட 10 சென்டிமீட்டர். 30 டிகிரி என்றால் 21. யானையின் பின்தொடைக்கு 10 சென்டிமீட்டர் பெரிதல்ல. புள்ளிமானுக்கோ சிறுத்தைக்கோ அது தொடைக்கும் இடுப்பெலும்புக்கும் உள்ள வித்தியாசம். 21 சென்டிமீட்டர் என்றால் ஊசி முதுகுக்கு மேலேயே பறந்துவிடும்.

இதைப் படித்துவிட்டு உடனே "அப்ப வனத்துறைக்குக் கண்டிப்பா கோணத் திருத்தம் வேணும்" என்று முடிவு கட்டாதீர்கள். அங்கே உண்மையில் எந்தக் கோணம் வருகிறது என்று பார்க்க வேண்டாமா? கும்கி யானையின் முதுகில் உட்கார்ந்து சுடுகிறார் என்று வையுங்கள். இலக்கை விட 3 மீட்டர் உயரம், தூரம் 30 மீட்டர். கோணம் 6 டிகிரி கூட இல்லை. திருத்தம் தேவையே இல்லை. மரத்தில் 6 மீட்டர் உயரத்தில் சிறுத்தை, மரத்தடியிலிருந்து 15 மீட்டரில் மருத்துவர். கண் உயரத்தைக் கழிக்காமலே கோணம் 22 டிகிரி. பார்க்கப் பயங்கரமாக இருக்கிறது. ஆனால் தூரம் குறைவு, வீழ்ச்சியே 26 சென்டிமீட்டர்தான், பிழை 2 சென்டிமீட்டர். இங்கேயும் தேவையில்லை! அப்படியானால் எங்கே தேவை? மலைச்சரிவில் மேலே நின்றுகொண்டு, ஓடையில் நிற்கும் விலங்கை 40 மீட்டருக்கு அப்பாலிருந்து சுடும்போது. கோணமும் பெரிது, தூரமும் பெரிது, ஊசியும் மெதுவானது. மூன்றும் ஒன்றாகச் சேரும் இடம் அது. சமவெளி வயலில் அந்த நிலைமை வராது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வரும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். 40 மீட்டர், 30 டிகிரி என்றால் கருவி 34.6 என்று காட்டும். 34.6 மீட்டருக்கு வீழ்ச்சி 1.2 மீட்டர். 1.6-இல் 1.2 போனால் 40 சென்டிமீட்டர் வித்தியாசம் என்று நினைக்கத் தோன்றும். அது தப்பு. குழலைத் தூக்குவது ஒரு கோணம். அந்தக் கோணத்தில் போகிற கோடு 34.6 மீட்டரில் நிற்காமல் 40 மீட்டர் வரை போகிறது. 1.2-ஐ 34.6-ஆல் வகுத்து 40-ஆல் பெருக்குங்கள். 1.39 வரும். 1.6-இல் கழித்தால் அதே 21 சென்டிமீட்டர். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு பக்கம் படம் போட வேண்டியிருந்தது.

கருவியின் சொந்தப் பிழை

விலை குறைந்த தூரமானி ஒரு மீட்டர் முன்பின் காட்டும். அதுவே அதன் துல்லியம். அப்படியானால் கோணத்தால் வரும் வித்தியாசம் ஒரு மீட்டருக்குள் இருக்கும் வரை அது கருவியின் சொந்தப் பிழையிலேயே மூழ்கிவிடும். கணக்குப் போட்டால் 100 மீட்டரில் 8 டிகிரி வரை, 40 மீட்டரில் 13 டிகிரி வரை, 15 மீட்டரில் 21 டிகிரி வரை திருத்தம் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

இன்னொரு சங்கதி. வேட்டைக்காரர்களுக்காகச் செய்த கருவிகள் பல கெஜத்தில் காட்டும். 40 கெஜம் என்பது 36.6 மீட்டர். கெஜத்தை மீட்டர் என்று படித்துவிட்டால் வரும் பிழை, 20 டிகிரி கோணத்தை மறந்தால் வரும் பிழையைவிடப் பெரிது! கோணத் திருத்தம் உண்டா என்று கேட்பதற்கு முன்னால், மீட்டரில் காட்டுமா என்று கேளுங்கள்.

நம்ம பாடத்துக்கு

சுடுகிறவருக்கு 'சில நேரம்' என்று பதில் சொன்னேன். சர்வேயருக்குப் பதில் வேறு: எப்போதும் வேண்டும். ஏனென்றால் வரைபடம் தட்டையானது. பட்டாவிலும் எஃப்.எம்.பி. வரைபடத்திலும் இருக்கும் பரப்பு கிடைத்தளப் பரப்பு. சங்கிலியைத் தரையோடு தரையாகப் போடாமல், படிப்படியாகக் கிடைமட்டமாகப் பிடித்துத் தூக்குக்குண்டு விட்டு அளக்கச் சொல்லி நமக்குச் சொல்லித் தருவது இதற்காகத்தான்.

1802-இல் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் அடிக்கோட்டை அளந்தபோதும் இதே கவலைதான். இந்தியாவையே முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரிய வேலையின் தொடக்கம் அது. கையில் இருந்தது 100 அடி எஃகுச் சங்கிலி. 57 நாள் ஆனது. தரை சாய்ந்த இடங்களில் சங்கிலியை அந்தச் சாய்விலேயே கிடத்தி, கோணத்தை அளந்து குறித்து, ஒவ்வொன்றையும் கிடைத்தூரமாக மாற்றிக் கூட்டினார். இன்று பட்டனை அழுத்தினால் சில்லு செய்கிற பெருக்கலை அவர் தாளில் செய்தார்.

இதில் காசு எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். மலையடிவாரத்தில் சரிவு நிலம் ஒன்று. சரிவின் போக்கில் 100 மீட்டர், குறுக்கே 40.47 மீட்டர். டேப்பைத் தரையில் போட்டு அளந்தால் சரியாக ஒரு ஏக்கர். சரிவு 20 டிகிரி என்றால் 100 மீட்டரின் கிடைத்தூரம் 94. பத்திரத்தில் 94 சென்ட்தான் வரும். ஏக்கருக்கு 6 சென்ட் 'காணாமல்' போகிறது. பக்கத்து நிலத்துக்காரன் திருடவும் இல்லை, சர்வேயர் ஏமாற்றவும் இல்லை. ஆனால் அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில், ஒருவருக்குச் சரிவும் ஒருவருக்குச் சமதரையும் வந்தால் இந்த 6 சென்டுக்காகப் பேச்சுவார்த்தை நின்றுபோகும். எங்கள் குடும்பத்தில் கால்குலேட்டரின் காஸ் பட்டனை அழுத்திய முதல் ஆள் நான்தான். அதனால் இந்த மாதிரி ஒரு கணக்கை ஒரு பெரியவருக்கு விளக்க வேண்டி வந்தது. கொசைன் என்றெல்லாம் சொன்னால் எடுபடாது. ஒரு நோட்டுப் புத்தகத்தை வெயிலில் சாய்த்துப் பிடித்து, உச்சி வெயிலில் விழும் நிழலைக் காட்டினேன். "புத்தகம் குறையலை தாத்தா, நிழல்தான் குறையுது. பத்திரத்துல எழுதுறது நிழலை" என்றேன். அவருக்குப் புரிந்தது. பிடித்ததா என்பது வேறு விஷயம்.

இதற்கு நேர் எதிரான இடமும் உண்டு. மலை ஓடையிலிருந்து கீழே தோட்டத்துக்குப் பைப் போட வேண்டும். மின்கம்பத்துக்கு ஸ்டே வயர் இழுக்க வேண்டும். கிணற்றுச் சரிவில் கயிறு விட வேண்டும். இங்கே திருத்திய தூரத்தை வைத்துப் பைப் வாங்கினால் பாதி வழியில் பைப் தீர்ந்துபோகும். இதற்குச் சாய்வுத் தூரம்தான் வேண்டும். டோட்டல் ஸ்டேஷனில் எஸ்.டி., எச்.டி., வி.டி. என்று மூன்றையும் தனித்தனியாகக் காட்டுவது இதற்காகவே. எனவே திருத்திய எண்ணை மட்டும் காட்டி, சாய்வுத் தூரத்தை மறைத்துவிடும் கருவி சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். இரண்டையும் காட்ட வேண்டும்.

வாங்குவதற்கு முன்

முதலில், திருத்தம் இல்லாத சாதாரணக் கருவியே கையில் இருந்தால் அதைத் தூக்கிப் போட வேண்டாம். ஜியோமெட்ரி பாக்ஸில் உள்ள கோணமானியை எடுங்கள். நடுப்புள்ளியில் ஒரு நூலைக் கட்டி, நுனியில் ஒரு நட்டைத் தொங்கவிடுங்கள். கோணமானியின் நேர்விளிம்பு வழியாக இலக்கைப் பார்த்தால், நூல் 90-லிருந்து எத்தனை டிகிரி விலகி நிற்கிறதோ அதுதான் சாய்வு. ஒன்றிரண்டு டிகிரி முன்பின் இருக்கும். 10 டிகிரிச் சாய்வில் ஒரு டிகிரி தப்பினால் 40 மீட்டருக்கு 12 சென்டிமீட்டர் தூரம்தான் மாறும். 30 டிகிரியில் 35 சென்டிமீட்டர். கருவியின் ஒரு மீட்டர்ப் பிழைக்கு முன்னால் இது ஒன்றுமில்லை. 10-க்கு 0.98, 20-க்கு 0.94, 30-க்கு 0.87, 40-க்கு 0.77 என்று ஒரு சீட்டில் எழுதிக் கருவியின் முதுகில் ஒட்டிவிட்டால் கோணத் திருத்தம் வந்துவிட்டது. நின்று நிதானமாக அளக்கிற நமக்கு இது தாராளம். ஓடப்போகிற விலங்கின் முன்னால் நிற்கிறவர் நூலையும் நட்டையும் வைத்துக்கொண்டு நிற்க முடியாது. மலைச்சரிவில் வேலை செய்யும் அவருக்குப் பட்டன்தான் வேண்டும், அந்தக் கூடுதல் விலையும் நியாயம்தான்.

திருத்தம் உள்ளதையே வாங்குவதாக இருந்தால் அதன் கோணச்சில்லு ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். நேராக நிற்கும் உயரமான கட்டடம் ஒன்று போதும், நம்ம மூன்று மாடி பிளாக் மாதிரி. சுவரிலிருந்து 20 மீட்டர் தள்ளி ஒரே இடத்தில் நில்லுங்கள். கண் மட்டத்தில் சுவரைக் குறிபார்த்துத் திருத்திய தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நகராமல் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரைக் குறிபாருங்கள். சாய்வுத் தூரம் கூட வேண்டும். திருத்திய தூரம் மாறவே கூடாது. மூன்று முறை செய்து பாருங்கள். மூன்று முறையும் ஒரு மீட்டருக்கு மேல் மாறினால் பெட்டியை மூடி, கொண்டுவந்த கடைக்காரரிடமே கொடுத்துவிட்டு, கோணமானியில் நூலைக் கட்டுங்கள்.